தங்கமாயனின் கழுத்தும் பவளக்கொடியின் கேள்வியும்

அநியாயத்துக்கு ஆளானவள் பெயர் பவளக்கொடி, வயது இருபத்திரண்டு, பல்கலைக்கழகத்தில் முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு. அநியாயம் என்னவென்றால், வெள்ளையாற்றுப்பட்டி வர்த்தகர் சங்கத்தின் வெள்ளிவிழாவுக்காக அவள் தன் பத்து விரல்களாலும் கட்டிய மாலைக்கு, ‘பூக்கலைச் செம்மல்’ என்ற பட்டத்தையும் ஒரு பொன்னாடையையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் அவளுடைய அண்ணன் தவசிக்குக் கொடுத்தார்கள். அந்த மாலை கட்டப்பட்ட பகல் முழுவதும் தவசி தேனிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏணிமேல் நின்று பூத்தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். அது அவனுக்கே நன்றாகத் தெரிந்திருந்தும் மேடையேறி, கைகூப்பி, குனிந்து வாங்கிக்கொண்டான்.

அந்த இடத்திலேயே எழுந்து கேட்டிருக்கலாம். கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் பவளக்கொடிக்கு எதையும் பாதியில் தொடங்கிப் பழக்கமில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி தன் ஆட்சேபத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, முதல் பகுதிக்கு முன்னுரையும் வைத்து, இரண்டாவது பகுதியில் உழைப்பு எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கப்படுகிறது என்பதை மனசுக்குள் செதுக்கிக்கொண்டிருந்தபோது, மைக்கில் நன்றியுரை தொடங்கிவிட்டது. நன்றியுரையில் பந்தல்காரருக்கு நன்றி சொன்னார்கள், மைக்செட்காரருக்குச் சொன்னார்கள், மின்தடை ஏற்படுத்தாத மின்சாரத்துக்கும் சொன்னார்கள்.

உண்மையில் அவளுக்குப் பட்டம் ஒரு பொருட்டில்லை. அவளுக்கு வேண்டியது பலகை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற அவர்களுடைய பூக்கடையில் இடுப்புயரத்துக்கு ஒரு மாலைப் பலகை உண்டு. ஆண்கள் அதன்மேல் ஏறி, ஒரு காலை மடக்கி ஒரு முழங்காலை நிறுத்தி உட்கார்ந்து மாலை கட்டுவார்கள். பெண்கள் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து வாழைநாரை நனைத்துச் சரம் தொடுப்பார்கள். பெரிய மாலைக்கு மேலே, முழப்பூவுக்குக் கீழே என்று யார் எப்போது வகுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அது அவ்வளவு உறுதியாக இருந்தது. பதினொரு வயதில் பவளக்கொடி முதன்முதலாக, “பலகையில நான் ஏன் உக்காரக் கூடாது?” என்று கேட்டாள். அது முதல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்பா உயிரோடிருந்தபோது, “அது அப்பிடித்தான்” என்றார். அப்பாவுக்குப் பிறகு பலகையேறிய தவசி, “ஒனக்குக் கை நீளம் பத்தாது” என்றான். அவள் கை வளர்ந்த பிறகு, “ரோட்டுல போறவன் பாப்பான்” என்றான். அவள் பல்கலைக்கழகம் போன பிறகு, “லாயரம்மா, வாயக் கட்டிட்டுப் பூவக் கட்டு” என்றான். அவள் லாயருக்குப் படிக்கவில்லை என்பதை அவனுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறாள், ஒருமுறை பாடத்திட்டத்தையே காட்டி.

விழாவன்று காலையில் தவசியும் ஆட்களும் மண்டப வேலைக்குப் போய்விட்டார்கள். போன பிறகுதான், சங்கத் தலைவருக்குச் சாயங்காலம் மாலை சொல்லியிருக்கிறது என்று அம்மா குருவம்மாளுக்கு ஞாபகம் வந்தது. “வேற கடையில சொல்லிருவமா?” என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் பவளக்கொடி கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் பலகையில் ஏறியிருந்தாள். ஏறியதும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாள். வரலாறு நிகழ்ந்துகொண்டிருப்பதாக ஓர் எண்ணம். பிறகு இடுப்பு வலித்தது, வேலையைத் தொடங்கினாள்.

வழக்கமான ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்ட அவளுக்கு மனமில்லை. ஒரு பகலையே மாலையாகக் கட்டினாள். ஒரு தோளில் விடியல்: தும்பை, பவழமல்லி, பனி காயாத நந்தியாவட்டை. நெஞ்சுக்கு நேரே உச்சிப்பொழுது: ஆவாரம்பூ, செவ்வந்தி, நடுவில் கண்ணைக் கூச வைக்கிற செவ்வரளி. மறுதோளில் அந்தி: அந்திமந்தாரை, மல்லிகை மொட்டு, இருட்டு மாதிரி மரிக்கொழுந்து. கடையில் இதுவரை யாரும் தொடாத பூக்கள் பாதி, யாரும் நினைக்காத வரிசை முழுக்க. கீழே சாக்கில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றிருந்தாள், கை தானாக ஓடியது. கடைசியில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று நினைத்தாள்.

சங்கத் தலைவர் தங்கமாயன், இரும்புச் சாமான் கடைக்காரர். மாலை போட்டதும் கழற்றிவிட வேண்டும் என்ற நாகரிகம் அறிந்தவர். இந்தப் பக்கத்தில் அது ஒரு தனிக் கலை. மாலை கழுத்தில் விழும், புகைப்படக்காரர் பொத்தானை அழுத்துவார், அடுத்த நொடியே இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டிவிட வேண்டும். ஒரு நொடி முந்தினால் அவமதிப்பு, ஒரு நொடி பிந்தினால் ஆசை. தங்கமாயன் சரியான நொடியில் கையை உயர்த்தினார். மாலை தாடைவரை வந்தது, திரும்பிப் போய்த் தோளில் உட்கார்ந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி வந்தது, மறுபடி போனது. இறுக்கமாக இருந்ததா என்றால் இல்லை, உள்ளே இன்னொரு தலைவரையே நுழைக்கலாம் போல் தொளதொளவென்று இருந்தது. இறங்க மட்டும் மாட்டேன் என்றது.

செயலாளர் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். ஒரு செவ்வந்தியை வெட்டினார், அந்த இடத்தில் ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. நாரை வெட்டினார், நார் தண்ணீரைப் போல் வழிவிட்டுப் பிறகு கூடிக்கொண்டது. “சரி, சாப்பாட்டுக்கு நேரமாச்சு” என்றார் யாரோ. மாலையோடேயே தங்கமாயன் பந்தியில் உட்கார்ந்தார், சாம்பாருக்கு மட்டும் ஒரு துண்டைக் குறுக்கே கட்டிவிட்டார்கள்.

அவர் மனைவி நாகரத்தினம் வாசலில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்து, “நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட அரைமணி நேரத்துல கழட்டி எறிஞ்சீங்க, எவ போட்ட மால இது, இப்பிடி ஒட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?” என்று கேட்டாள். பிறகு அவர் தூங்குவதற்குச் சாய்வு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. மாலை வாடவில்லை. விடியற்காலையில் தங்கமாயனின் இடது தோள் பூத்தது, உச்சி வெயிலில் நெஞ்சு பூத்தது, அந்தியில் வலது தோள் பூத்தது, பிறகு மறுபடி இடது தோள். பேருந்து நிலையத்துக் கடிகாரம் ஓடாமல் போய் ஆறு வருஷம் ஆகியிருந்ததால், ஊர் அவரைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்ளத் தொடங்கியது. “அண்ணாச்சி வலது தோள் விரிஞ்சிருச்சா? அப்ப வடைக்கு எண்ணெயக் காய வையி” என்றார் டீக்கடைக்காரர். ஆவாரம்பூ நிமிர்ந்தால் பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் அவரிடம் நின்று, “அண்ணே, ஒரு முழம்” என்று மல்லிகையைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டார்கள், கிள்ளிய இடத்தில் மறுபடி முளைத்தது. தேனீக்கள் முறைவைத்து வந்து போயின. முடிதிருத்துகிறவர் அவற்றோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்து, கழுத்துப் பக்கத்து முடியை அவை இல்லாத நேரத்தில் வெட்டினார்.

தங்கமாயனுக்குத்தான் கஷ்டம். முதல் இரண்டு நாள் அவருக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, மாலை போட்டிருப்பவர் யாரையும் திட்ட முடியாது என்று தெரிந்தது. கடைப்பையன்கள் ஆணிப் பெட்டியைக் கவிழ்த்தாலும் சிரித்த முகமாகக் கைகூப்ப வேண்டியிருந்தது, கூப்பிக் கூப்பி மணிக்கட்டு வீங்கியது. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண் வீட்டு ஆட்கள் அவருக்கு ஆரத்தி எடுத்தார்கள், நிஜ மாப்பிள்ளை தன் பெயரைச் சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்தது. துக்க வீட்டுக்குப் போனதோ அதைவிட மோசம். நாற்காலியில் மாலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தவரின் காலடியில் வெளியூர்க்காரர் ஒருவர் மலர்வளையம் வைத்து, “நேத்துக்கூடப் பேசுனமேப்பா” என்று விம்மினார். “இன்னிக்கும் பேசலாம்” என்றார் தங்கமாயன். அந்த மனிதரைத் தெளியவைக்கச் சோடா வாங்கிவர வேண்டியிருந்தது.

இந்த விஷயத்தில் பவளக்கொடியிடம் ஒரு கோட்பாடு இருந்தது. எந்த விஷயத்தில் அவளிடம் கோட்பாடு இல்லை என்று நீங்கள் கேட்கலாம். அவளுடைய விடுதித் தோழிகளும் அதைத்தான் கேட்டார்கள். மாலை இறங்காததற்குக் காரணம் அநியாயம்தான், கட்டியவளின் பெயர் மேடையில் சொல்லப்பட்டால் அந்த நொடியே மாலை தானாகக் கழன்றுவிடும் என்று அவள் அடிக்குறிப்புகளோடு பதினான்கு பக்கக் கடிதம் எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்தாள். அதை யாராவது படித்தார்களா என்பது தெரியாது. ஆனால் துக்க வீட்டிலிருந்து திரும்பிய தங்கமாயன், “எதுவானாலும் செய்வோம்” என்று சொல்லிவிட்டார்.

மறுபடி அதே பந்தல், அதே மைக். தங்கமாயன் எழுந்து, “இந்த மாலையைக் கட்டியவர் செல்வி பவளக்கொடி” என்று மூன்று முறை அறிவித்தார். தவசி தன் பொன்னாடையைக் கொண்டுவந்து தங்கையின் தோளில் போர்த்தினான். “கடியாரம் கடையிலயே இருக்கட்டும், ஒரே செவருதானே” என்று காதோரமாகச் சொன்னான். பவளக்கொடி மைக்கைப் பிடித்து, இதுவரை பெயரில்லாமல் போன கைகளைப் பற்றி இருபத்தெட்டு நிமிடம் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். முடிவில் தங்கமாயன் பக்கம் கையை நீட்டி, “இப்போது கழற்றுங்கள்” என்றாள்.

மாலை தாடைவரை வந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தது.

கூட்டத்தில் முதலில் சிரித்தது யார் என்று அவள் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறாள். பின்வரிசையிலிருந்து ஒருவர், “பதினாலு பக்கம் பத்தலயோ, பதினஞ்சாவது எழுதும்மா” என்றார். பக்கத்தையாவது எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்ற ஓர் அற்ப சந்தோஷம் அந்த நேரத்திலும் அவளுக்கு வந்ததை மறைக்க வேண்டியதில்லை.

அப்போது குருவம்மாள் மேடையேறினாள். மேடையேறிப் பழக்கமில்லாததால் செருப்பைக் கீழே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போவது போல் போனாள். தங்கமாயனைக் குனியச் சொல்லி, அவருடைய பிடரியில் விரல் வைத்து, முப்பது வருஷம் சரம் தொடுத்த விரலால் மாலையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம்வரை, வலதிலிருந்து மறுபடி இடதுவரை தடவித் தடவிப் போனாள். இரண்டு சுற்று. பிறகு மகளைப் பார்த்தாள்.

“ஏட்டி, முடிச்சு எங்க?”

“போட்டிருக்கேன்மா.”

“எங்க போட்ட? இது பாட்டுக்குச் சுத்திச் சுத்திப் போகுது, முடியவே இல்ல.”

பவளக்கொடி பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்றதை ஊர் முதன்முறையாகப் பார்த்தது, அது மாலையைவிடப் பெரிய அதிசயமாக இருந்தபடியால் கூட்டம் நாற்காலிகளை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டது.

அவள் மறைத்த தடுமாற்றம் இதுதான். கீழே சாக்கில் உட்கார்ந்து பார்ப்பவளுக்கு மாலை கட்டுகிறவனின் கை தெரியும், நார் தெரியும், பூ அடுக்குகிற வேகம் தெரியும். கடைசியில் இரண்டு நுனியையும் சேர்த்து முடிக்கிற வேலை மட்டும் மடியில் நடக்கும், நிறுத்தி வைத்த முழங்காலுக்கு அந்தப் பக்கம். பதினொரு வருஷமாக அவள் பார்த்தது முழங்காலை. ஆகவே அன்றைக்குக் கடைசி நுனி கைக்கு வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல், அந்தியின் நாரைக் கொண்டுபோய் விடியலுக்குள் செருகி, அங்கிருந்து தொடர்ந்து கட்டி, சேர்ந்தது தெரியாதபடி பூவை வைத்து மூடிவிட்டாள். பார்க்க அழகாக இருந்தது. பார்க்க அழகாக இருந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே வாதாடி ஜெயித்துமிருந்தாள். அந்த வாதத்தில் எதிர்த்தரப்பு யாரும் ஆஜராகவில்லை.

ஐந்நூறு பேருக்கு முன்னால், தோளில் பொன்னாடையோடு, “எனக்கு முடிக்கத் தெரியாது” என்று அவள் சொன்னாள். மைக் அவள் கையில்தான் இருந்தது. பேருந்து நிலையம்வரை கேட்டது.

“அதுக்குத்தாம்மா பொம்பளப் பிள்ளய பலகையில ஏத்துறதில்ல” என்றார் செயலாளர், நீண்ட காலச் சந்தேகம் ஒன்றுக்கு விடை கிடைத்த நிம்மதியில்.

“ஏத்தாததாலதான்யா தெரியல!” என்றாள் பவளக்கொடி. இந்த முறை முன்னுரை இல்லை, பகுதிகள் இல்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீ சொல்லு. நான் ஏன் உக்காரக் கூடாது?”

தவசி அதைக் கேட்காதவன் போல் தங்கமாயனின் பின்னால் போய் நின்றான். மாலையைப் பிடித்து, நுனி தேடி, முடிக்கிற முடிச்சை அங்கேயே போட்டுவிடலாம் என்று முயன்றான். அவனுடைய விரல்கள் திகைத்தன. நின்றுகொண்டு அவனுக்கு வரவில்லை. “எப்பிடிப் போடுறதுன்னு வாயில சொல்லுப்பா, அந்தப் பிள்ள போடட்டும்” என்றார் தங்கமாயன், குனிந்த நிலையிலேயே. தவசி கையை விரித்துக் காட்டினான். “சொல்லத் தெரியாது அண்ணாச்சி. பலகையில உக்காந்தா கை போடும்.”

அப்படியாக ஊர் ஊர்வலமாகப் பூக்கடைக்குப் போனது. முன்னால் தங்கமாயன், இரண்டு பக்கமும் தேனீ, பின்னால் ஐந்நூறு பேர், அவர்களுக்குப் பின்னால் நாற்காலிகளைத் திரும்பக் கேட்டுக்கொண்டு பந்தல்காரர். சுவரில் சங்கம் கொடுத்த கடிகாரம் பேட்டரி போடாமல் தொங்கியது. தங்கமாயனின் வலது தோளில் அந்திமந்தாரை விரியத் தொடங்கியிருந்தது. தவசி பலகையில் ஏறி, முழங்காலை நிறுத்தி, தங்கமாயனை ஒரு முக்காலியில் முதுகு காட்டி உட்கார வைத்து, மாலையை மடிக்கு இழுத்தான். அவனுடைய கை இப்போது தெளிவாக ஓடியது. ஆனால் நார் அவனுக்கு வழிவிட்டு வழிவிட்டுக் கூடிக்கொண்டது, கத்தரிக்கோலுக்குச் செய்த மாதிரியே.

“கட்டுனவ கைக்குத்தான் அவிழும் போல” என்றாள் குருவம்மாள், சாக்கிலிருந்து. “முடிச்சுப் போடுறத அவ பாத்தாத்தான அவுப்பா.”

பவளக்கொடி கீழே நின்று எட்டிப் பார்த்தாள். தெரிந்தது முழங்கால்.

அதன்பிறகு நடந்தவற்றை ஊர் இன்றும் சொல்கிறது: மாலை எப்படி அவளுடைய ஓர் இழுப்பில் நுனி விட்டது, எப்படித் தங்கமாயன் பத்தொன்பது நாள் கழித்துக் கையைத் தொங்கவிட்டார், தொங்கவிட்ட கையோடு எப்படிச் செயலாளரை ஆசைதீரத் திட்டினார், மறுநாள் நேரம் தெரியாமல் டீக்கடையில் எப்படி வடை கருகியது என்றெல்லாம். பவளக்கொடியைக் கேட்டால் அவள் அதற்கு ஒரு நிமிடம் முந்தியதைத்தான் சொல்வாள். பலகைக்குக் கீழே நின்று, ஊரே கேட்க, அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டாள். குரல் உயர்த்தவில்லை. தவசி மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தியை விடியலுக்குள் செருகியிருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினான். பவழமல்லிக்குப் பக்கத்தில் மரிக்கொழுந்து, அப்படி ஒரு சேர்க்கையை அவன் பலகையேறிய பத்து வருஷத்தில் யோசித்ததில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவள் மனசுக்குள் பழக்கதோஷத்தில் எதிர்வாதங்களை வரிசைப்படுத்தினாள்: கை நீளம் என்றால் இது, ரோட்டில் பார்ப்பான் என்றால் அது, அது அப்படித்தான் என்றால் பக்கம் ஒன்பது, அடிக்குறிப்பு நான்கு. எல்லாம் தயாராக இருந்தன. ஒன்றும் பயன்படவில்லை.

தவசி தலையைத் தூக்காமல் சொன்னான்:

“ஒனக்குப் படிப்பு இருக்கு, பேச்சு இருக்கு, மைக்கக் குடுத்தா ஊரே கேக்குது. பத்தாங்கிளாஸ் பெயிலானவனுக்கு இந்தப் பலகை மட்டும்தான் இருக்கு, பவளம். நீ ஏறிட்டா என்னய யாரு பாப்பான்னு பயந்தேன், அதான், வேற ஒண்ணும் இல்ல. ஏறு. காலை மடக்கி உக்காரு, வெளிச்சத்த மறைக்காத.”